பழைய அளவு உப்பு

தப்பாக நினைக்காதீங்க. நீங்க அன்பாக நீட்டின மிக்சரை ஒரு பிடி வாயில் போட்டுவிட்டுப் பாக்கெட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தது மரியாதை இல்லைதான். ஆனால் என்ன செய்ய, இப்போதெல்லாம் கடைக்காரன் எவனுக்கும் கை நிதானம் கிடையாது. உப்பை அள்ளிக் கொட்டுகிறான். உங்களுக்கு அப்படித் தெரியலையா? சரியாகத்தான் இருக்குதா? உடுமலைக் கடையா? உடுமலையில் முன்னெல்லாம் நன்றாகப் போடுவார்கள். அங்கேயும் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது.

இன்னொன்றும் இப்போதே சொல்லி வைக்கிறேன். ஒட்டன்சத்திரம் தாண்டினதும் ஒரு ஹோட்டலில் சாப்பாட்டுக்கு பஸ்ஸை நிறுத்துவான். இறங்கினாலும் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுங்க. அந்தச் சாம்பாரைக் கடல் தண்ணீரில் வைக்கிறானோ என்னவோ. இதோ, என் காலடியில் தூக்குப்போசி இருக்கிறது. அரிசிம்பருப்புச் சாதம். நானே செய்தது. ரெண்டு பேருக்கு மேலேயே வரும்.

ஆமாங்க, நானேதான். சிரிக்காதீங்க. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் சம்சாரம் பயிற்சியில் இருக்கிறாள். டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, டயட்டீசியன், அந்தப் பயிற்சி. வயசா? மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியாயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்க. அதைத்தான் சொல்ல வருகிறேன். பஸ் இப்படி உருண்டுகொண்டுதான் போகும். நீங்களும் தூங்குகிற ஆளாகத் தெரியவில்லை.

என் பேர் அர்த்தநாரி. கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால் பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுசு சுற்றிக் கொடுப்பேன். கலாமணி, அதுதான் என் சம்சாரம், கல்யாணத்துக்கு முன்னாலேயே பி.எஸ்.சி. மனையியல் முடித்தவள். முடித்துவிட்டு என் மனைக்கு வந்துவிட்டாள், இனி அதற்கு மேல் என்ன படிப்பு இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். இருபத்தஞ்சு வருஷமாகச் சிரித்தாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் எங்கள் அண்ணன் விழுந்துவிட்டார். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம், இடது பக்கம் முழுசும். ரத்தக் கொதிப்பு ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது, மனுசன் யாருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் வந்து, உப்பைக் குறைங்க என்று எங்கள் அண்ணிகிட்டச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. எப்படிக் குறைக்கிறது, உப்பில்லாமல் கொடுத்தால் தட்டைத் தூக்கி வீசுகிறாரே என்று அண்ணி அழுகிறார். கலாமணி பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு எனக்கும் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தால் யாருக்குத்தான் ஏறாது, சொல்லுங்க?

அந்தச் சமயம் பார்த்துத்தான் இவளுக்குப் படிப்புப் பைத்தியம் பிடித்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், பாருங்க. அண்ணன் படுத்துக்கிடக்கிறார், இவள் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.சி. சேரப் போகிறேன் என்கிறாள். உணவும் ஊட்டச்சத்தும். நான் மறுக்கவில்லைங்க. நான் அந்த மாதிரி ஆள் கிடையாது. ஒரு வாரம் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

சேர்ந்துவிட்டாள். கூடப் படிக்கிறதெல்லாம் எங்கள் மகளைவிடச் சின்னதுகள். கலாக்கா கலாக்கா என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, தோசை தின்றுகொண்டே தோசையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதும். சமையலறையில் ஒரு தராசு வந்தது. நகைக்கடைத் தராசு மாதிரி அத்தனூண்டு. வெங்காயத்தை நிறுத்தாள், எண்ணெயை நிறுத்தாள். ஒரு நாள் நான் தின்றுகொண்டிருந்த இட்லியைத் தட்டிலிருந்து எடுத்து நிறுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். உலகத்தில் எந்தப் புருசனுக்காவது இது நடந்திருக்கிறதா?

அதைவிட ஒரு கூத்து. நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஆளை உட்காரவைத்துக் கேட்பது அவர்கள் படிப்பில் ஒரு பாடமாம். போலீஸ் ஸ்டேஷன் தோற்றுவிடும். மேசைமேல் சின்னதும் பெருசுமாகக் கிண்ணங்களையும் கரண்டிகளையும் பரப்பி, இந்தக் கிண்ணமா, அந்தக் கிண்ணமா, தளும்ப இருந்துச்சுங்களா, தளும்பாம இருந்துச்சுங்களா என்று கேட்கிறாள். நான் காலையில் இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி கோதுமைத் தோசை என்று ஒழுங்காகச் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் முகம் மாறாமல் எழுதினாள். எழுதிவிட்டு, "ஏனுங்க, சட்டையில பஜ்ஜி வாசம் வருதுங்களே, அதை எந்தக் கிண்ணத்துல போடட்டும்?" என்றாள்.

பேக்கரியில் நாலு ஆம்பளை பேசிக்கொண்டு நிற்கும்போது ஒரு பஜ்ஜி, ஒரு பப்ஸ் உள்ளே போவது சாப்பாட்டுக் கணக்கிலா வரும்? நீங்களே சொல்லுங்க.

சரி, உப்புக்கு வருகிறேன். ரெண்டாம் வருஷம் ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். இவள் உப்பைப் பற்றி எடுத்திருக்கிறேன் என்றாள். உலகத்தில் பாதாம் இருக்கிறது, பிஸ்தா இருக்கிறது, இவளுக்கு உப்பு. ஒரு நாள் மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு, "இன்னையில இருந்து நம்ம வீட்டுல உப்புக் கம்மிங்க" என்று அறிவித்தாள். நான் ஒரு வாய் வைத்தேன். மண்ணு. வெறும் மண்ணு. இதை மாட்டுக்கு வைத்தால் மாடு நம்மை முறைக்கும் என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டேன். என் நாக்குக்குத் தெரியாமல் ஒரு கல் உப்பைக்கூட யாரும் குறைத்துவிட முடியாது, அதைப் புரிந்துகொள் என்றேன். அவள் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள், கரண்டி சத்தம் கேட்டது, திரும்பக் கொண்டுவந்தாள். "பழையபடியே போட்டுட்டனுங்க, இப்பப் பாருங்க." அது சாப்பாடு! அதற்கப்புறம் எங்கள் வீட்டில் உப்புப் பேச்சே எழவில்லை. ஆம்பளை ஒரு சத்தம் போட்டால் போதும், வீடு தன்னால் ஒழுங்குக்கு வந்துவிடும். நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் பாருங்க, வீடு ஒழுங்காயிற்று, ஊர் கெட்டது. கொஞ்ச நாளிலேயே எங்கள் கடைத் தெருவில் இருக்கிற மெஸ்ஸில் உப்பு ஏற ஆரம்பித்தது. வேலை மும்முரமான நாளில் பத்து வருஷமாக நான் சாப்பிடுகிற மெஸ். மாஸ்டரைக் கூப்பிட்டு ஆள் மாறிவிட்டாரா என்று கேட்டால் அவர் தலையைச் சொறிகிறார். அப்புறம் பேக்கரியில் பஜ்ஜி. அப்புறம் ஒரு கல்யாணத்தில் பந்தியே கரித்தது. எனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. பக்கத்து லேத் பட்டறை நாச்சிமுத்துவும் அதையேதான் சொன்னான். "என்ன காயில்காரரே, ஊரெல்லாம் உப்புத் தின்னுட்டுச் சாகறதுக்கு முடிவு பண்ணிருச்சா?" என்றான். எங்கள் தெருவில் இன்னும் ரெண்டு மூணு வீட்டு ஆம்பளைகளும் அதையேதான் சொன்னார்கள். நாங்கள் பேக்கரி வாசலில் நின்று இதைப் பற்றி ரொம்பப் பேசியிருக்கிறோம். கம்பெனிக்காரன் உப்பில் ஏதோ சேர்க்கிறான், பாக்கெட்டு உப்புக்குக் கரிப்பு ஏறிவிட்டது என்று நாச்சிமுத்து கண்டுபிடித்தான். வீட்டில் வந்து சொன்னால் கலாமணி சமையலறைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நாச்சிமுத்து சம்சாரம் மரகதமும் இவளும் தெருப் பெண்கள் இன்னும் சிலரும் மத்தியானத்தில் எங்கள் வீட்டில் கூடிக் கூடிப் பேசுவார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். பொங்கல் நோம்பிக்குக் கோலப்போட்டி வைக்கப் போகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நமக்கெதற்கு பெண்கள் சமாச்சாரம்.

அப்போதுதான் மதுரை வந்தது. படிப்பு முடிகிற சமயம், ஆஸ்பத்திரியில் ஆறு மாசம் பயிற்சி. இவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அங்கேயே தங்கவேண்டும். ஒழுங்காக முடித்தால் அங்கேயே வேலையும் கிடைக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அதை வெளியே காட்டுவேனா? நியாயமாகப் பேசினேன். நீ போய்விட்டால் நான் ஹோட்டலில்தான் தின்ன வேண்டும், ஹோட்டலெல்லாம் இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்கே தெரியும், இல்லாவிட்டால் நானே கண்டபடி பொங்கித் தின்று அண்ணன் மாதிரி விழுந்து கிடப்பேன், அப்போது நீ மதுரையில் உட்கார்ந்து ஊராருக்கு உப்பு நிறுத்துக்கொண்டிரு என்றேன்.

கொஞ்சம் காரமாகத்தான் போய்விட்டது. அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ரெண்டு நாள் வீட்டில் தராசு வெளியே வரவில்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வருகிற பெண்பிள்ளைகளிடம்கூட நான் போகலைடி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதுகள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே.

மூணாம் நாள் அவளே பேச்சை எடுத்தாள். ஆராய்ச்சியில் கடைசிக் கட்டம், ருசி பார்க்க ஆள் வேண்டும், தெருவில் நாச்சிமுத்து அண்ணன் எல்லாம் வருகிறார்கள், நீங்களும் வாங்க என்றாள். மூணு கிண்ணம் அரிசிம்பருப்பு வைப்பார்களாம். எல்லாம் அவள் செய்ததுதான், உப்பு மட்டும் வேறு வேறு. ஒன்று இருபத்தஞ்சு வருஷமாக எங்கள் வீட்டில் போட்ட பழைய அளவு. மற்ற ரெண்டிலும் குறைச்சல், ஒன்றில் ரொம்பவே குறைச்சல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கு ஒரு ஆராய்ச்சியா? எது பழைய அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றேன். சொல்லிவிட்டேன் என்றால் நீ மதுரைக்குப் போகக்கூடாது, சம்மதமா என்றேன்.

"சொல்லாட்டி?" என்றாள்.

சொல்லாவிட்டால் நீ தாராளமாகப் போ, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றேன்.

சரிங்க என்று சொல்லிவிட்டாள். யோசிக்கவே இல்லை. பாவம், தோற்கிற பந்தயத்துக்கு இப்படி ஒத்துக்கொள்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தமாகக்கூட இருந்தது. ஜெயித்த பிறகு பழனிக்கு ஒரு நடை கூட்டிக்கொண்டு போய் ஆறுதல் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்துக்குள் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் போகிறேன். இவள் தினம் பஸ் ஏறிப் போகிற இடம். வராந்தாவில் எதிரே வருகிறதுகள் எல்லாம் இவளுக்கு வணக்கம் சொல்கின்றன. ஒரு வாத்தியாரம்மா, நசீமா மேடம் என்று பேர், என்னைப் பார்த்ததும், "நீங்கதானா அந்தச் சார்?" என்றார். அந்தச் சார் என்றால் எந்தச் சார்? ரொம்பப் பேசியிருக்கிறாள் என்று தெரிந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

ருசி பார்க்கிற அறை ஓட்டுச்சாவடி மாதிரி இருக்கிறதுங்க. ஆளுக்கு ஒரு தடுப்பு, முன்னால் ஒரு குட்டிக் கதவு. பக்கத்து ஆளோடு பேசக்கூடாது. தலைக்கு மேல் சிவப்பு பல்பு, நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதாம். குட்டிக் கதவு திறந்தது, ஒரு கை மட்டும் வந்து மூணு கிண்ணத்தை வைத்துவிட்டுப் போயிற்று. எங்கள் மகள் வாங்கிக்கொடுத்த வளையல். கலாமணிதான். மூணு கிண்ணத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் அந்தக் கை உள்ளே போனது. பந்தயம் அப்படி.

முதல் கிண்ணத்தை வாயில் வைத்தேன். வைத்ததும் முகம் சுளித்துவிட்டது. கரிப்பு. ஒரே கரிப்பு. பக்கத்தில் இருந்த தண்ணீரை முழுசும் குடித்தேன். இது நம் வீட்டுச் சரக்கே இல்லை, ஹோட்டலில் வாங்கிக் கலந்திருக்கிறார்கள், என்னை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று அதை அக்கட்டால் தள்ளினேன். ரெண்டாவது பரவாயில்லை, ஆனாலும் ஒரு தூக்கல். மூணாவதை எடுத்தேன். அடடா. பருப்பு வாசம், பூண்டு, சீரகம், மேலே விட்ட நெய், ஒன்றுக்கொன்று இடிக்காமல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. கல்யாணமான புதுசில் முதல் முதலாகப் போட்டாளே, அந்தச் சாதம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிவப்பு வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது. கிண்ணத்தை வழித்துத் தின்றேன். இதுதான் பழைய அளவு, இருபத்தஞ்சு வருஷத்து ருசி என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தேன்.

வெளியே வந்து நாச்சிமுத்துவைக் கேட்டேன். அவனும் மூணாவதுதான் என்றான். முதல் கிண்ணத்தைத் துப்பிவிட்டானாம். இத்தனை பேர் சாட்சி, ஜெயித்தாயிற்று என்று மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு கலாமணி வந்தாள். நேராக என் முன்னால் வந்து நின்றாள். நான் துப்பாத குறையாகத் தள்ளினேனே முதல் கிண்ணம், அதுதான் பழைய அளவாம். நான் வழித்துத் தின்றது அதில் பாதி உப்புக்கூட இல்லாததாம். அதுதான் இப்போது தினமும் வீட்டில் போடுகிறதாம்.

நான் ஒத்துக்கொள்வேனா? குறைத்த அன்றைக்கே கண்டுபிடித்துச் சத்தம் போட்டவன் நான், நீயும் பழையபடி போட்டாய், மறந்துவிட்டாயா என்றேன். அதற்கு அவள் சொல்கிறாள், அன்றைக்கு ஒரு கல் உப்புகூடக் குறைக்கவே இல்லையாம். குறைத்தேன் என்று வாயால் சொன்னது மட்டும்தானாம். உள்ளே கொண்டுபோய்ச் சும்மா கிளறிவிட்டுக் கொண்டுவந்தாளாம். நான் சமாதானமாகிவிட்ட பிறகு, அடுத்த வாரத்திலிருந்து தினமும் ஒரு துளி ஒரு துளியாகக் குறைத்தாளாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? மரகதம் வீட்டிலும், தெருவில் அந்த மற்ற வீடுகளிலும் இதே கதைதானாம். கோலப்போட்டி எதுவும் இல்லையாம்.

நசீமா மேடத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சார், உங்களிடம் கேட்டுத்தானே செய்தார்கள் என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டனுங்களே," என்றாள் கலாமணி. "நீங்க காயில் சுத்திட்டிருந்தீங்க. சாப்பாட்டுல உப்பைக் கொறைச்சுப் பார்க்கப் போறேன், எந்த நாள் எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன், சம்மதமுங்களான்னு கேட்டேன். சரி சரி, அந்த வார்னிஷ் டப்பாவை இப்படித் தள்ளுன்னீங்க. கையெழுத்தும் போட்டீங்க."

காயில் சுற்றும்போது கவனம் தப்பினால் மோட்டாரே போய்விடும், அப்போது யார் எதைக் கேட்டாலும் நான் சரி என்றுதான் சொல்வேன். இது அவளுக்குத் தெரியும். நாச்சிமுத்து தன் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் லேத்தில் நிற்கும்போது சரி சொல்லியிருப்பான்.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். பந்தயத்தில் ஜெயித்தவள் முகம் மாதிரியே இல்லை. அழப்போகிறவள் மாதிரி இருந்தது.

"நீங்க சரியாச் சொல்லிருந்தீங்கன்னா நான் நெசமாவே போயிருக்க மாட்டனுங்க," என்றாள். "பழைய உப்பு உங்களுக்கு இன்னும் புடிக்குதுன்னா எப்படி உங்களைத் தனியா விட்டுட்டுப் போறது? இனி நான் பக்கத்துல இல்லாட்டியும் உங்க கை அள்ளிப் போடாது. உங்க நாக்கே வேண்டாம்னு சொல்லிரும். இப்ப நான் போலாமுங்க."

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் சரியாகப் புரியவில்லைங்க. உப்பைப் பற்றிப் பேசுகிறாளா, என்னைப் பற்றிப் பேசுகிறாளா? படித்தவர்கள் பேச்சே அப்படித்தான். வாக்குக் கொடுத்தாயிற்று, போ என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். ஏனென்றால் எனக்குத் தெரியும், நடந்தது என்னவென்று. சிவப்பு வெளிச்சத்தில் கிண்ணத்தை மாற்றி வைத்துவிட்டார்கள். உள்ளே எடுத்துக் கொடுத்தது அந்தச் சின்னப் பெண்கள், பதட்டத்தில் கை மாறியிருக்கும். சொன்னால் அவள் ஆராய்ச்சி போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீங்க.

இப்போது கொதிப்பா? பார்த்தார்கள், இறங்கியிருக்கிறது. அவள் ஊரில் இல்லாததால் இருக்கும்.

வீடு என்னவோ கொஞ்சம் பெருசாகிவிட்ட மாதிரி இருக்கிறது. தராசை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சும்மா கிடக்கிறதே என்று நானும் அதில் அரிசியை நிறுப்பேன். மெஸ்ஸில் கரிக்கிறதால் நானே பொங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் இந்தத் தூக்குப்போசி, இந்த பஸ். எதுக்குங்க இத்தனை தூரம், இங்கே கேண்டீன் இருக்குதுங்களே என்பாள். கேண்டீனில் உப்பை அள்ளிப் போடுவான், எனக்குத் தெரியாதா என்பேன். உட்கார்ந்து, நான் கொண்டுபோனதைக் கடைசிப் பருக்கை வரைக்கும் தின்பாள். தின்றுவிட்டு ஒவ்வொரு வாரமும், சரியா இருக்குதுங்க என்பாள். சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்? நான் போடுவது இருபத்தஞ்சு வருஷத்துப் பழைய அளவு. அவள் ஆராய்ச்சியெல்லாம் என் கையிடம் நடக்காது.

பார்த்தீங்களா, நிறுத்திவிட்டான். நான் சொன்ன ஹோட்டல்தான். நீங்க உட்காருங்க. அந்தப் பேப்பரை மடியில் விரிங்க. மூடியிலேயே போட்டுத் தருகிறேன், கூச்சப்படாதீங்க, அவளுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நெய் கொஞ்சம் உறைந்திருக்கும், பிசைந்தால் சரியாகிவிடும். ம், எடுங்க.

என்னங்க, மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறீங்க? பிடிக்கலையா? சும்மா சொல்லுங்க.

உப்பே போடலையா? நான் போடலையா?

இன்னொரு வாய் வைத்துப் பாருங்க. நானும் இதையேதானே தின்கிறேன், எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது. அட, மிக்சரைத் தொட்டுக்கொள்கிறீங்களா?

ஏனுங்க, ஒன்று சொன்னால் கோவித்துக்கொள்ளாதீங்க. உங்கள் நாக்கில்தான் ஏதோ கோளாறு. மதுரையில் இறங்கினதும் அவசர வேலை எதுவும் இல்லையென்றால் என்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு எட்டு வாங்க. கலாமணிகிட்டக் காட்டலாம். உங்கள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், இதை எங்கிருந்து சரி செய்யணும்னு அவள் சொல்லிவிடுவாள்.